யாரை மன்னிக்கணும்

ராஜபாளையம்
18 ஜூன் 2024

அண்ணனுக்கு,

போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். பாய்லர் வெடித்த நாளிலிருந்து இவர் வீட்டை விட்டு அதிகம் வெளியே போவதில்லை. என் போன் அடித்தாலே யார் என்று கேட்கிறார். பதில் எழுதினால் வீட்டுக்கு வேண்டாம், நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து முகவரிக்கு அனுப்புங்கள்.

செட்டியார்பட்டியில் எங்கள் பேண்டேஜ் கம்பெனியில் நடந்ததைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். துணி மடிக்கிற பெண்களில் ஒருத்தி, வன்னியம்பட்டி மாரிசெல்வி, பாய்லர் அறையின் சுவர் விழுந்து இறந்துபோனாள். பாய்லர் ஓட்டுகிற பாண்டிச்செல்வத்துக்கு இரண்டு கையும் வெந்துவிட்டன. ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அவன் குடித்துவிட்டு வேலைக்கு வந்தான் என்று போலீஸில் எழுதிக் கொடுத்தது இவர்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே அவனைக் கைது செய்து, பக்கத்தில் ஒரு போலீஸ்காரரைக் காவலுக்கு உட்கார வைத்திருக்கிறார்கள்.

அண்ணா, அது பொய்.

விபத்துக்கு முந்தின ஞாயிறு, கோயிலிலிருந்து வந்து நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். பாண்டிச்செல்வம் வாசலில் வந்து நின்றான். வால்வு சும்மா சும்மா தூக்குகிறது, உள்ளே ஏதோ கோளாறு, ரெண்டு நாள் பாய்லரை நிறுத்திவிட்டு ஆளைக் கூட்டி வந்து பார்க்க வேண்டும் என்றான். இவர் சாப்பிட்டுக்கொண்டே, லோடு போகிற வரைக்கும் நிறுத்த முடியாது, கம்பி போட்டு வால்வைக் கட்டி வை என்றார்.

"கட்டிட்டா பிரஷர் ஏறும்போது வெளிய போக வழி இருக்காதே, மொதலாளி."

"சொன்னதச் செய்யிலே."

நான் ரசச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போய்விட்டான். வால்வு என்றால் என்ன என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவன் பயந்திருக்கிறான் என்பது மட்டும் தெரிந்தது.

நேற்று வீட்டு ஜெபத்தில் இவர் மாரிசெல்வியின் குடும்பத்துக்காக ஜெபித்தார். குரல் உடைந்து அழுதார். நடிப்பில்லை. காலையில் அந்தப் பொய்யில் கையெழுத்துப் போட்ட மனுஷன், சாயங்காலம் நிஜமாகவே அழுகிறார். மகள் ஷெரின், அப்பாவின் கண்ணீரைத் துடைத்துவிட்டாள். நான் ஆமென் சொல்லவில்லை. யாரும் கவனிக்கவில்லை.

நான் என்ன செய்ய வேண்டும்? அண்ணனாகச் சொல்லாமல் குருவானவராகச் சொல்லுங்கள்.

பிரிஸ்கில்லா


ஸ்ரீவில்லிபுத்தூர்
22 ஜூன் 2024

அன்பு பிரிஸ்கி,

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் குருமனையின் கதவைச் சாத்திவிட்டு இன்னொரு தடவை படித்தேன். நடந்தது கொடுமை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நீ அவசரப்பட்டு எதுவும் செய்துவிடக் கூடாது.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு வேளையில் காதில் விழுந்த ரெண்டு வார்த்தை அது. மாப்பிள்ளை கட்டச் சொன்னதால்தான் வெடித்ததா, வேறு காரணமா என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதற்கென்று அதிகாரிகள் இருக்கிறார்கள். வந்து பார்க்கட்டும். அதற்குள் மனைவியே புருஷனுக்கு எதிராகச் சாட்சி சொன்னாள் என்றால், வழக்கு எப்படிப் போனாலும் உன் குடும்பம் அன்றோடு முடிந்தது. ஷெரினுக்கு இன்னும் பள்ளிப் படிப்பு முடியவில்லை. அவளை நினைத்துப் பார்.

குருவானவராகச் சொல்லக் கேட்டாய். நம் முன்னோர்கள் அநியாயத்தைப் பொறுமையால்தான் ஜெயித்தார்கள். ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவரைப் பின்பற்றுகிறவர்கள் நாம். நியாயத் தீர்ப்பு கடவுளுடையது. மாப்பிள்ளையின் மனசை அவர் அசைக்கும்படி ஜெபி. நானும் ஜெபிக்கிறேன். பாண்டிச்செல்வத்தின் வீட்டாருக்கு நம்மால் ஆன உதவியைச் சத்தமில்லாமல் செய்யலாம்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

அன்புடன்,
ஜெபக்குமார்


ராஜபாளையம்
1 ஜூலை 2024

அண்ணனுக்கு,

நேற்று ஆராதனைக்கு மணி அடித்ததும் குருமார் வரிசையாக உள்ளே வந்தார்கள். வெள்ளை அங்கியில் கடைசியாக நீங்கள் வந்தீர்கள். எனக்கு முதலில் புரியவில்லை. எங்கள் சபை ஐயர் லீவில் போகிறார் போலிருக்கிறது, அதற்காக வந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். பிறகுதான் அறிவிப்பு வாசித்தார்கள்: சகோதரர் ஆல்வின் துரை குடும்பத்தார், பெரும் விபத்திலிருந்து கர்த்தர் தங்களையும் தங்கள் தொழிலையும் காத்ததற்காக ஏறெடுக்கும் ஸ்தோத்திர ஆராதனை. பிரசங்கம், சகோதரியின் அண்ணன் குருவானவர் ஜெபக்குமார்.

இவர் என்னிடம் சொல்லவே இல்லை. நீங்களும் சொல்லவில்லை. என் கடிதம் உங்கள் கையில் இருக்கும்போதே நீங்கள் இதற்குச் சம்மதம் சொல்லியிருக்கிறீர்கள்.

சுற்றிலும் ஆயிரம் பேர் விழுந்தாலும் உன்னை அது தொடாது என்கிற கருத்தைத்தான் எடுத்துப் பேசினீர்கள். விழுந்தது யார், அண்ணா? உங்களுக்கு அவள் பேர் தெரியும். நான் எழுதியிருந்தேன். ஒரு தடவைகூட நீங்கள் அதைச் சொல்லவில்லை. இவர் முன்னால் போய் முழங்கால் போட்டார். நீங்கள் அவர் தலையில் கை வைத்தீர்கள். உங்கள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நடுங்கவில்லை.

அதே வாரம்தான் வன்னியம்பட்டியில் மாரிசெல்விக்குக் காரியம் நடந்திருக்கிறது. கம்பெனியில் மடிக்கிற ஒரு பிள்ளை சொல்லித்தான் எனக்கே தெரியும்.

மறு கன்னத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் கன்னத்தில் யாரும் அறையவில்லை. உங்கள் கன்னத்திலும் இல்லை. அடி விழுந்தது மாரிசெல்விக்கு. விழுந்துகொண்டிருப்பது பாண்டிச்செல்வத்துக்கு. அவர்களுடைய கன்னத்தைப் பிடித்துத் திருப்பிக் காட்ட நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? இதையா நம் முன்னோர்கள் பொறுமை என்றார்கள்?

நீங்கள் கிழிக்கச் சொன்ன கடிதத்தைக் கிழித்துவிட்டேன். இனி எழுத வேண்டாம்.

பிரிஸ்கில்லா


ஸ்ரீவில்லிபுத்தூர்
5 ஜூலை 2024

பிரிஸ்கி,

எழுத வேண்டாம் என்றாய். ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

மாப்பிள்ளை போன் செய்து கூப்பிட்டார். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார். என்ன சொல்லட்டும்? நான் தயங்கினாலே உன் கடிதம் அவருக்குத் தெரிந்துவிடும். உன்னைக் காப்பாற்றத்தான் வந்தேன். அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். உன்னிடம் முன்கூட்டிச் சொல்லாதது தப்பு.

ஆனால் என்னை மட்டும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்காதே. ஆராதனை முடிந்து விருந்தில் பெண்கள் ஐக்கிய சங்கத்தோடு சேர்ந்து நீயும்தான் பிரியாணி பரிமாறினாய். என் இலைக்கும் நீதான் வைத்தாய். என் முகத்தைப் பார்க்காமல் வைத்தாய்.

வன்னியம்பட்டி இங்கிருந்து பக்கம்தான். மாரிசெல்வியின் அம்மாவைப் போய்ப் பார்த்து ஆறுதல் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

ஜெபக்குமார்


ராஜபாளையம்
9 ஜூலை 2024

அண்ணனுக்கு,

பரிமாறினேன். உண்மைதான். உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூட மாடிப்படியில் நின்று படித்தேன், அந்த வரி வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்ததால்தான் இவரிடம் கேட்க முடிந்தது.

ஷெரின் டியூஷனுக்குப் போயிருந்தாள். அந்த ஞாயிறு பாண்டிச்செல்வம் வந்தபோது நான் இருந்தேன், நீங்கள் சொன்னதைக் கேட்டேன் என்றேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை. எல்லாக் கம்பெனியிலும் கட்டத்தான் செய்கிறார்கள், நம் கெட்ட நேரம் நமக்கு வெடித்துவிட்டது என்றார். அப்படியானால் அவன் குடித்திருந்தான் என்று ஏன் எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். யாராவது ஒருத்தர் உள்ளே போகத்தான் வேண்டும், அவனுக்கு ஆறு மாசம், எனக்கென்றால் கம்பெனியே போய்விடும், அங்கே வேலை பார்க்கிற அம்புட்டுப் பேர் வீட்டிலும் அடுப்பு எரியாது, கணக்குப் பார் என்றார். கத்தவில்லை. கடைக்குப் போய் என்ன வாங்க வேண்டும் என்று சொல்வது போலச் சொன்னார்.

அவருக்கு என்ன தோன்றியதோ, எழுந்து போய் அலமாரியிலிருந்து பைபிளை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

"இது மேல கை வச்சு, வெளிய யாருட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு, பிரிஸ்கி."

அம்மா எங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த பைபிள். அதை எடுத்துக்கொண்டு போய் அலமாரியிலேயே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் பின்னால் வரவில்லை. அன்றிலிருந்து வீட்டு ஜெபம் கிடையாது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று ஷெரின் கேட்கிறாள்.

என் பேச்சைக் கேளுங்கள், வன்னியம்பட்டிக்குப் போக வேண்டாம். அந்த அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது?

பிரிஸ்கில்லா


ஸ்ரீவில்லிபுத்தூர்
15 ஜூலை 2024

பிரிஸ்கி,

உன் கடிதம் வருவதற்குள் போய்விட்டேன். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன். முடிவில் நீ என்னை வெறுக்கலாம்.

மாரிசெல்வியின் அம்மா பேர் அழகுத்தாய். காட்டு வேலைக்குப் போகிறவர். பக்கத்து வீட்டிலிருந்து எனக்கு நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார். நானும் தரைக்கு வருகிறேன் என்றேன், கேட்கவில்லை. வழக்கமாகத் துக்க வீட்டில் சொல்வதைச் சொன்னேன். நம்முடைய சபை ஆள் இல்லை என்றாலும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் மன்னிப்பைப் பற்றிப் பேசினேன். மனசில் கசப்பை வைத்துக்கொள்ளாமல் பாண்டிச்செல்வத்தை மன்னித்துவிட்டால் உங்களுக்கும் நிம்மதி கிடைக்கும் என்றேன். இப்போது எழுதும்போது எனக்கே கூசுகிறது.

அழகுத்தாய் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவன எதுக்கு நான் மன்னிக்கணும்? அவனுக்கு வெடிச்சதுல கை வேகல, ஐயா. வெளிய ஓடி வந்த பெறகு, எம்மக உள்ள கெடக்கான்னு கேட்டுட்டுத் திரும்ப உள்ள போனான். சூட்டோட இரும்பத் தூக்கி அவள வெளிய எடுத்துப்போட்டான். அதுல வெந்த கை."

இது எந்தப் பேப்பரிலும் வரவில்லை. நான் தலையில் கை வைத்து ஆசீர்வதித்த மனுஷன், குடிகாரன் என்று எழுதிக் கொடுத்தது இவனைப் பற்றித்தான்.

"நீங்க யாரையோ மன்னிக்கச் சொல்லுதீக. அது யாருன்னு சொல்லுங்க. பொறவு மன்னிக்கவா, வேண்டாமான்னு நான் யோசிக்கேன்."

எழுந்து வந்துவிட்டேன். ரோட்டுக்கு வந்தேன். பஸ் வந்தது. கை காட்டி நிறுத்திவிட்டு ஏறாமல் நின்றேன். கண்டக்டர் திட்டிவிட்டுப் போனார். இத்தனை வருஷம் மன்னிப்பைப் பற்றி எத்தனை பிரசங்கம் செய்திருக்கிறேன். செய்தவன் யார் என்பதை மறைத்துவிட்டு, அடிபட்டவரிடம் மன்னிப்பை மட்டும் வாங்கப் போகிற வேலையை நான் இதற்கு முன்னால் எத்தனை வீட்டில் செய்திருக்கிறேனோ தெரியவில்லை.

திரும்பிப் போனேன். வால்வைக் கட்டச் சொன்னது கம்பெனி முதலாளி, அவர் என் தங்கை புருஷன் என்று சொன்னேன். அழகுத்தாய் அழவில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். என் தங்கை காதால் கேட்டாள் என்றேன். உங்கள் தங்கை கோர்ட்டில் வந்து சொல்வாரா என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் பேர் என்ன, எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்டார். சொல்லிவிட்டேன்.

உன்னிடம் கேட்காமல் சொல்லிவிட்டேன், பிரிஸ்கி. என்னை நம்பி எழுதியதை எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டேன். உன்னைத் தேடி அவர் வருவார்.

ஜெபக்குமார்


ராஜபாளையம்
24 ஜூலை 2024

அண்ணனுக்கு,

உங்கள் கடிதமும் அவர்களும் ஒரே நாளில் வந்தார்கள். கவரைப் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கும்போதே, ரெண்டு பெண்கள் உங்களைப் பார்க்க வேண்டுமாம் என்று வாட்ச்மேன் வந்து சொன்னார். உங்கள் மேல் வந்த ஆத்திரத்தில் அதைக் கசக்கிப் பைக்குள் போட்டேன். நானாகப் போலீஸுக்குப் போக வேண்டும் என்றுதான் இருந்தேன். எப்போது என்று மட்டும் யோசிக்காமல் இருந்தேன்.

கூட வந்தது பாண்டிச்செல்வத்தின் மனைவி கல்பனா. வேப்பமரத்தடியில் என்னைப் பார்த்ததும் காலில் விழப் போனாள். அழகுத்தாய் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏட்டி, எந்திரி. கால்ல விழுந்து கேக்குற காரியம் இல்ல இது. அவுகளுக்குச் சொல்லணும்னு இருந்தா சொல்லுவாக."

வேறு எதுவும் கேட்கவில்லை. தலைமையாசிரியையிடம் லீவு சொல்லிவிட்டு இவருக்குப் போன் செய்தேன். உங்களுக்குத் தெரியாமல் செய்யக் கூடாது என்று சொல்கிறேன், போலீஸுக்குப் போகிறேன் என்றேன். "ஷெரின்ட்ட நீயே சொல்லிக்க" என்று வைத்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் என்னை உட்காரச் சொல்லி, உங்கள் வீட்டுக்காரர் அடிப்பாரா என்று கேட்டார். இல்லை என்றேன். வேறு பெண் தொடர்பா, சொத்துத் தகராறா என்று கேட்டார். ஒன்றும் இல்லை, என்னையும் மகளையும் நன்றாகத்தான் வைத்திருக்கிறார் என்றேன். அப்படியென்றால் எதற்காக வந்தீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். புருஷன் மேல் கோபமில்லாத ஒருத்தி எதற்கு இதைச் சொல்ல வருகிறாள் என்பது அவருக்கு விளங்கவே இல்லை. கடைசியில் எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை அங்கே, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில், மாஜிஸ்திரேட் முன்னாலும் சொல்ல வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து ஷெரினை உட்கார வைத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க பேசாம இருந்திருக்கலாம்லம்மா" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

திங்கட்கிழமை வாருங்கள். உங்கள் மேல் கோபம் தீரவில்லை. ஆனாலும் வாருங்கள்.

பிரிஸ்கில்லா


ஸ்ரீவில்லிபுத்தூர்
5 ஆகஸ்ட் 2024

பிரிஸ்கி,

அன்றைக்குக் கோர்ட் வாசலில் நீயும் நானும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நேற்று ஆராதனையில் பிரசங்கம் செய்யவில்லை. உங்கள் சபையில் நான் செய்த ஸ்தோத்திரப் பிரசங்கம் தவறு, செத்துப்போன பெண்ணின் பேரைச் சொல்லாமல் தப்பித்தவருக்காக நன்றி சொன்னேன் என்று எழுந்து நின்று சொன்னேன். குடும்ப விஷயத்தைப் பீடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று கமிட்டியில் பேசுகிறார்கள். மாற்றல் வரும் போலிருக்கிறது. வரட்டும். மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் செய்து பேசிய பேச்சை இங்கே எழுத வேண்டாம்.

பாண்டிச்செல்வம் ஜாமீனில் வந்துவிட்டான். போய்ப் பார்த்தேன். கல்பனா சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் கட்டு. அந்தத் துணி எந்தக் கம்பெனியில் செய்தது என்று என் வாய்வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

ஜெபக்குமார்


ராஜபாளையம்
2 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

இவரைக் கைது செய்த அன்று நீங்கள் வந்து ஷெரினோடு இருந்ததற்கு நான் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் வீட்டை விட்டுப் போகவில்லை. போகச் சொன்னார்கள். மாமனார் வந்து சாவியைக் கேட்டார். என் புருஷன் வருகிற வரைக்கும் இங்கேதான் இருப்பேன், வந்த பிறகு அவர் போகச் சொன்னால் யோசிக்கிறேன் என்றேன். பெண்கள் சங்கத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. ஞானபாக்கியம் டீச்சர் மட்டும் போன ஞாயிறு எழுந்து வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தார். பாட்டுப் புத்தகத்தை எனக்கும் தெரிகிறபடி பிடித்துக்கொண்டார். கம்பெனி மூடிக் கிடக்கிறது. மடிக்கிற பெண்களில் சிலர் ரோட்டில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்கள் வீட்டு அடுப்பைப் பற்றி இவர் சொன்னது பொய்யில்லை. வேறு கம்பெனிகளில் அவர்களுக்காகக் கேட்டுக்கொண்டு அலைகிறேன். சிலருக்குக் கிடைத்திருக்கிறது.

முதல் தடவை நான் ஜெயிலுக்குப் போனபோது இவர் பார்க்க மறுத்துவிட்டார். சாப்பாட்டையும் திருப்பி அனுப்பினார். இந்தச் சனிக்கிழமை புறப்பட்டுக்கொண்டிருக்கும்போது, ஷெரின் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தாள். அவள் பேரைக் கேட்டதும் இவர் வந்தார்.

தாடி வளர்ந்திருந்தது. மெலிந்திருந்தார். ஷெரினைப் பார்த்து அழுதார், அவளும் அழுதாள். பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் கம்பி வலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நேரம் முடியப் போகிறது என்று காவலர் வந்து சொன்னார். அப்போது திரும்பினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"அந்தப் பிள்ள வீட்டுல யார் யாரு இருக்காவ?"

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. எந்தப் பிள்ளை என்று கேட்டேன்.

"மாரிசெல்வி."

அவள் எங்கள் கம்பெனியில் எத்தனை வருஷம் வேலை பார்த்தாள். செத்த பிறகு எத்தனை தடவை ஜெபத்தில் அவள் பேரைச் சொன்னார். இந்தக் கேள்வியை அன்றைக்குத்தான் கேட்டார். காவலர் மறுபடியும் கூப்பிட்டார். அம்மா இருக்கிறார், பேர் அழகுத்தாய், அப்பா இல்லை, தங்கச்சி ஒருத்தி பிளஸ் டூ படிக்கிறாள் என்று அவசர அவசரமாகச் சொன்னேன். இவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார். காவலர் தோளைத் தொட்டபோது, "செத்த பொறுங்க சார்" என்றார். பிறகு என்னிடம், "மெதுவாச் சொல்லு" என்றார்.

பிரிஸ்கில்லா